பூனைக்குக் கட்டிய வேப்பிலை

பிப்ரவரி 12, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பூனைக்கு டைரி எழுதுகிற அளவுக்கு எனக்குப் பொழுது கொட்டிக் கிடக்கவில்லை.

பெயர் துரை. கடுவன். நான்கு வயது இருக்கலாம். எடை மூன்று கிலோ நானூறு. காய்ச்சல் 103.6. சாப்பாடு இரண்டு வாய்.

வாயில் எச்சில் ஒழுகுகிறதே, பல்வலியாக இருக்கும் என்று நினைத்துத்தான் கூடையில் போட்டுக் கொண்டுபோனேன். டாக்டர் நஸ்ரின் சின்னப் பெண். என் மகள் அகிலா வயதுதான் இருக்கும். காலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு அட்டையில் விட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு கோடு வந்தது. போன புரட்டாசியில் அகிலா கோவில்பட்டியிலிருந்து படம் எடுத்து அனுப்பிய அட்டையிலும் இரண்டு கோடுதான். அதற்கு நாங்கள் பாயசம் வைத்தோம். இந்த இரண்டு கோட்டைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏதோ வைரஸாம். பூனையைப் பூனை கடித்தால் வருமாம். மனிதருக்கு வராதாம். நோயை எதிர்த்து நிற்கிற சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுமாம். விரட்ட மருந்து கிடையாது.

"பத்திரமா வச்சிருந்தா வருஷக்கணக்கா நல்லா இருப்பான்மா. ஆனா மத்த பூனைக்குச் சளி புடிச்சா நாலு நாள்ல போயிடும். இவனுக்கு அதுவே உயிருக்கு ஆபத்து" என்றார்.

வெளியே விடக் கூடாது. வேறு பூனை கிட்டே வரக் கூடாது. வேறு பூனையைத் தொட்ட கையும் உடுத்த புடவையும்கூட வரக் கூடாது. பச்சை மீன், பச்சை ஈரல் கூடாது, வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். நமக்குப் போடுகிற காய்ச்சல் மாத்திரையை மறந்தும் கொடுக்கக் கூடாது, பூனைக்கு அது விஷம். தினமும் எடை, காய்ச்சல், சாப்பாடு எழுத வேண்டும். தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் உடனே வர வேண்டும்.

உடனே என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொன்னாலே எனக்குப் புரியும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

எடை 3.380. காய்ச்சல் 103.1. மூச்சு 24. கஞ்சியும் வேகவைத்த மீனும் பிசைந்து கொடுத்தேன், பாதி உள்ளே போனது.

யாருடைய தவறு என்று எழுதிவைத்துவிடுகிறேன். போன வருஷமே இவனுக்கு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றேன். செய்திருந்தால் ஊர் சுற்றாமல் வீட்டோடு கிடந்திருப்பான். என் வீட்டுக்காரர் நம்பிராஜன், மின்வாரியத்தில் போர்மேன், முப்பது வருஷமாகக் கம்பம் ஏறி இறங்கிய மனிதர், கண் கலங்கி நின்றார். "ஆம்பளப் பயலப் போயி அப்படிப் பண்ணலாமாளா, பாவம்லா" என்றார். பாவம் பார்த்தோம். பயல் பாளையங்கோட்டையில் உள்ள கடுவன்களோடெல்லாம் மல்லுக்கட்டிக் கடி வாங்கி வந்தான்.

இன்று காலை வேலைக்கு அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கொல்லையில் நின்று மூக்கைச் சிந்தினார். கேட்டால் தூசி என்றார்.

துரையை முன்னறையில் வைத்திருக்கிறேன். அகிலா இருந்த அறை. இரண்டு வருஷமாகப் பூட்டித்தான் கிடந்தது. கட்டிலுக்கடியில் அவளுடைய வெந்நீர்ப் பை அப்படியே கிடந்தது. தூக்கிப் பரணில் போட்டேன்.

பிப்ரவரி 15, வியாழன்

எடை போடச் சுலபமான வழி கண்டுபிடித்துவிட்டேன். மஞ்சள் பையில் போட்டு, அதைப் பயணப் பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசில் மாட்டித் தூக்க வேண்டும். பைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறான். திட்டுகிற மாதிரியே இருக்கிறது. 3.390. காய்ச்சல் பார்க்கிற இடம் பின்பக்கம். அதை இருவருமே பேசிக்கொள்வதில்லை.

அகிலா போன் செய்தாள். ஞாயிறு 25ஆம் தேதி அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அன்றைக்கே நாங்கள் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவர வேண்டும். பூனை விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்னபடி பூனை வெளிக்குப் போகிற மண்ணை மட்டும் அவள் தொடக் கூடாது, மற்றபடி பயமில்லை என்றும் சொன்னேன். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. "முன்ரூம ஒழிச்சிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

பால் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

எதிர்வீட்டு எஸ்தர் அக்கா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் உள்ள பதினோரு பூனைக்கும் அவள்தான் சோறு போடுகிறாள். மத்தியானம் மூன்று மணி ஆனால் நம் வீட்டு நாற்காலியில் வந்து உட்காருவாள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். வராதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று மடியில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். கண் பீளை கட்டி, மூக்கு ஒழுகி, நிமிடத்துக்கொரு தும்மல். தெருவில் எல்லாக் குட்டிக்கும் இப்படித்தான் இருக்கிறதாம், நேற்று இரண்டு செத்துப்போனதாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். தலைவலி என்றேன். அவள் போன பிறகு நாற்காலி, தாழ்ப்பாள், தரை எல்லாவற்றையும் பினாயில் போட்டுக் கழுவினேன். அப்புறம்தான் பினாயிலும் பூனைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, திரும்பவும் வெறும் தண்ணீரில் கழுவினேன். கை எல்லாம் வெந்துபோய் இருக்கிறது.

மூச்சு 26. ஐந்து தடவை எண்ணினேன். பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன், குறையவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

இதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் செய்தேன். தெருமுனையில் மின்கம்பிக்குக் கீழே வெட்டிப் போட்ட வேப்பங்கிளை குவிந்து கிடந்தது. ஒரு கை அள்ளி வந்து வாசல் கேட்டில் கட்டினேன். மிச்சத்தைத் துரையின் படுக்கையில் பரப்பினேன். அம்மை கண்ட வீட்டில் அப்படித்தானே செய்வோம்.

மூன்று மணிக்கு எஸ்தர் அக்கா கேட் வரை வந்து, வேப்பிலையைப் பார்த்து நின்றாள். தெருவில் நின்றபடியே யாருக்கு என்று கையால் கேட்டாள். நான் ஜன்னலில் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அவள் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஒருவரிடமும் பொய் சொல்லவில்லை. வேப்பிலை கட்டினேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பால்காரர் பாக்கெட்டைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். வேறு ஒருவரும் வரவில்லை. எடை 3.410. காய்ச்சல் 102.2, பூனைக்கு இது சாதாரணம்தானாம். ஈறு சிவப்பு குறைந்திருக்கிறது. வீட்டுக்காரர்தான் குதிக்கிறார். "மாரியம்மாகூட வெளையாடுத நீ" என்றார். விளையாடுகிற மாதிரியா என் முகம் இருக்கிறது என்று கேட்டேன். சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

பிப்ரவரி 21, புதன்

காலை பதினொரு மணிக்குக் கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. கோவில்பட்டிச் சம்பந்தி இரண்டு பேரும் வளைகாப்புக்கு முறையாக அழைக்க வந்திருந்தார்கள். சம்பந்தியம்மா பட்டுப்புடவையில், கையில் தட்டு, தட்டில் பழம், பூ, மஞ்சள். கேட்டில் கை வைக்கப் போனவள் வேப்பிலையைப் பார்த்துச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

நான் முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். ஐந்து எட்டு வைத்தால் வாசல். கதவைத் திறந்து, வாங்க மதினி, இது பூனைக்காகக் கட்டினது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சிரித்திருப்பார்கள், இல்லை திட்டியிருப்பார்கள். உள்ளே வந்திருப்பார்கள்.

அவர்கள் கொஞ்ச நேரம் தெருவில் நின்று பேசினார்கள். அப்புறம் தட்டோடு காரில் ஏறிவிட்டார்கள். அம்மை வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் வழக்கம். அதனால் குரல்கூடக் கொடுக்கவில்லை.

கதவைத் திறந்தால் துரை வெளியே ஓடிவிடுவான். அதனால்தான் திறக்கவில்லை.

எடை 3.400. காய்ச்சல் 102.0.

பிப்ரவரி 22, வியாழன்

சம்பந்தியம்மா போனில் பேசினாள். கோபமே இல்லை, அன்பாகத்தான் பேசினாள். பிள்ளைத்தாச்சிக்கு அம்மை ஆகாது, அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றி முடியாமல் நாங்கள் யாரும் வளைகாப்புக்கு வர வேண்டாம், பிரசவமும் அங்கேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் என்றாள். நான் உம் உம் என்று கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். இப்போதே போன் போட்டு உண்மையைச் சொல்லு என்று கத்தினார். அம்மை வராமலே வேப்பிலை கட்டினோம் என்று தெரிந்தால் அகிலாவை அந்த வீட்டில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்றேன். யோசித்தார். "சரி விடு, அங்கயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அங்கேயே இருக்கட்டும். நல்லதுதான். நம்மிடம் இருந்து என்ன பார்த்துக் கிழித்தோம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

எடை 3.400. காய்ச்சல் 101.9. மூச்சு 23. இரண்டு துண்டு மீன், கால் கிண்ணம் கஞ்சி.

இன்று கோவில்பட்டியில் வளைகாப்பு.

பிப்ரவரி 27, செவ்வாய்

எஸ்தர் அக்கா தினமும் கேட்டில் ஏதாவது வைத்துவிட்டுப் போகிறாள். இளநீர், நுங்கு, நேற்று வெள்ளரிக்காய். கூடவே ஒரு சீட்டு. "உலகம்மாள், உனக்காக ஜெபிக்கிறேன், சொறியாதே" என்று எழுதியிருந்தது. இளநீரை நான் தொடவில்லை. இவர் குடித்தார்.

மாப்பிள்ளை வளைகாப்புப் படம் அனுப்பியிருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். என் இடத்தில் அவள் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறாள். அகிலா சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், சேலை மறைக்கிறது.

துரை இரண்டு தடவை தும்மினான். வேப்பிலை நெடியாக இருக்கலாம்.

பிப்ரவரி 29, வியாழன்

எடை 3.290. நேற்று 3.370, ஒரே நாளில் எண்பது கிராம் குறைந்துவிட்டது. தராசு தவறு என்று அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 1, வெள்ளி

சாயங்காலம் ஏழு மணி.

மத்தியானம் ஒரு மணிக்குப் பார்த்தபோது துரை கட்டிலுக்கடியில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தான். வாயைத் திறந்து மூச்சு விட்டான். எண்ணினேன், 44. திரும்ப எண்ணினேன், 46. டாக்டர் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் மருந்தகம் திறப்பார். நான் என்ன நினைத்தேன் என்றால், ஐந்து மணி வரை பார்க்கலாம் என்று நினைத்தேன். வெந்நீர் ஆவி காட்டலாம் என்று அடுப்பில் தண்ணீர்கூட வைத்துவிட்டேன். அடுப்பின் முன்னால் நிற்கிறபோதுதான் ஞாபகம் வந்தது. இதே அடுப்பில், இதே ஏனத்தில் நான் முன்னாலும் ஒரு தடவை தண்ணீர் வைத்துவிட்டு நின்றிருக்கிறேன்.

அடுப்பை அணைத்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன். வீட்டில்தான் இருக்கிறேன், உடனே வாங்க, திறந்துவைக்கிறேன் என்றார்.

தெருமுனை ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பத்தடி தள்ளி நின்று, வேப்பிலையைப் பார்த்து, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, மன்னிச்சுக்கோங்கம்மா என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அவரைத் திட்ட முடியுமா. கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓட ஆரம்பித்தேன். செருப்பு போடவில்லை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

பின்னால் ஸ்கூட்டர் வந்தது. எஸ்தர் அக்கா.

"ஏறுட்டி" என்றாள்.

"கிட்ட வராதீங்கக்கா."

"அம்மைக்கெல்லாம் பயந்தா நான் முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல வேல பாத்திருக்க முடியுமா? ஏறு."

ஏறினேன். வண்டி ஓடும்போதே அவள் முதுகுக்குப் பின்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மை இல்லை, பூனைக்காக, நீங்களும் உங்கள் குட்டிகளும் உள்ளே வராமல் இருக்கத்தான் கட்டினேன் என்று. டாக்டர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "வராதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வந்திருக்க மாட்டேனே உலகு" என்றாள். உள்ளே வரவில்லை. தன் புடவையில் பூனை முடி இருக்கும் என்று வெயிலிலேயே நின்றாள்.

நெஞ்சில் சளி. ஊசி, ஆவி மருந்து, காலில் குழாய் போட்டு நீர் ஏற்றுகிறார்கள். எப்படித் தொற்றியது என்று டாக்டர் கேட்டார். யாரையும் உள்ளே விடவில்லை, வேப்பிலையில்தான் படுக்க வைத்தேன் என்றேன். எந்த வேப்பிலை என்று கேட்டார். தெருமுனைக் குவியல் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அந்தக் குவியலில்தான் எஸ்தர் அக்காவின் குட்டிகள் நாள் முழுவதும் படுத்துக் கிடக்கும். டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்.

துரையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். "இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கொண்டு வந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பூனைக்கு அழுகிறேன் என்று தோன்றியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வேப்பிலையைப் பிய்த்து எறிந்தேன்.

மார்ச் 2, சனி

துரை கண் திறந்து பார்த்தானாம். இன்னும் சாப்பிடவில்லை. நான் போனால் வேறு கிருமி கொண்டுபோய்விடுவேனோ என்று போகவில்லை. எழுத எடை இல்லை, மூச்சு இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் அகிலா ஐந்து மாதக் கர்ப்பத்தோடு இங்கே வந்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் வயிறு ஒரு மாதிரி இழுக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். வெந்நீர்ப் பை கொடுத்தேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்றும் மிச்சமில்லை. நேற்றே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அந்த டாக்டரம்மா சொன்னாள். அகிலா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. இவள் திரும்பவும் இந்த வீட்டுக்கு, என் கைக்கு வருகிறாள் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் பயம். பூனைக்காகக் கட்டிய வேப்பிலை என்று எழுதியிருக்கிறேன். பாதிதான் பூனைக்கு.

மத்தியானம் அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மை இல்லை என்று அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். அப்பா போனில் பேசிய குரலிலேயே தெரிந்துவிட்டதாம்.

"நான் வரதே உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சிட்டேம்மா" என்றாள். அப்புறம், "எனக்குப் பயமா இருக்கு. ஒங்கூட இருக்கணும்" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

சம்பந்தியம்மாவிடம் நானே சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயம்தான். மாரியம்மன் கோவிலில் மாவிளக்கு போட்டு, தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறேன் மதினி என்றேன்.

மார்ச் 6, புதன்

துரை வீட்டுக்கு வந்துவிட்டான். 2.980. எலும்பும் மீசையும்தான் பாக்கி. தினமும் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும். மூச்சு 28. பின்னறைக்கு மாற்றியாயிற்று. முன்னறையை வெள்ளையடிக்க ஆள் வருகிறது.

எஸ்தர் அக்கா மூன்று மணிக்குக் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்துகொள்கிறேன். கத்திக் கத்திப் பேசுவதில் தெருவுக்கே எங்கள் வீட்டுக் கதை தெரிகிறது.

மார்ச் 10, ஞாயிறு

அகிலா வந்துவிட்டாள். வளையல் சத்தம் கேட்டதும் துரை பின்னறைக் கதவைப் பிறாண்டினான்.

மார்ச் 17, ஞாயிறு

துரை: 3.120. காய்ச்சல் 101.6. மூச்சு 24.

அகிலா: நேற்று பிள்ளை பத்து தடவை உதைத்ததாம். இன்று காலையிலிருந்து ஏழு. அவளைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். "என்னையும் மஞ்சப்பையில போட்டுத் தூக்கிருவியோ" என்கிறாள். சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தூங்கும்போது வாசலில் நின்று மூச்சு எண்ணினேன். அது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 26, செவ்வாய்

3.200. பகல் முழுவதும் சாதாரணமாக இருந்தது. சாதாரணமாக இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. சாம்பார் தாளிக்கிற சத்தத்தில் அவள் கூப்பிட்டால் கேட்காமல் போய்விடுமோ என்று தாளிப்பதையே விட்டுவிட்டேன். இரண்டு நாளாகத் தாளிக்காத குழம்புதான். இவர் அதையே ஊற்றிச் சாப்பிடுகிறார். அவருக்கும் என்னவோ போல இருக்கிறது, ஆபீஸிலிருந்து மூன்று தடவை போன் செய்கிறார். ஒன்றுமில்லை சும்மாத்தான் என்கிறார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

துரை 3.260. காய்ச்சல் 101.4. மூச்சு 22. மீன் முழுவதும் சாப்பிட்டான். அகிலா குளித்துவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு

ஏப்ரல் 4, வியாழன்

எழுதுவது நம்பிராஜன். உலகம்மாள் போனில் சொன்னபடி எழுதுகிறேன்.

காலை 7.10. பூனை எடை 3.240. காய்ச்சல் பார்க்கவில்லை. முயற்சி செய்தேன், கையில் நாலு கீறல். மூச்சு 25, ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணியது. மீன் பாதி சாப்பிட்டது. மாத்திரை மூன்றாவது தடவையில் உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை அவள் வரியைக்கூட முடிக்கவில்லை. மூடி போடாத பேனா நோட்டின் மேலேயே கிடந்தது. அகிலா இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி வாய் மூடுமுன் அவளை எஸ்தர் அக்கா பிடித்த ஆட்டோவில் ஏற்றிவிட்டாளாம். எனக்குச் சொன்னதே ஆஸ்பத்திரி வாசலில் இருந்துதான்.

பெண் குழந்தை. ஐந்து வாரம் முந்திவிட்டது. எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாயைத் தவிர யாரும் தொடக் கூடாது, சளி இருமல் உள்ளவர்கள் அந்த மாடிக்கே வரக் கூடாது. அகிலா நன்றாக இருக்கிறாள். உடனே கொண்டுவந்ததால்தான் இரண்டு உயிரையும் பார்க்க முடிந்தது என்று டாக்டர் சொன்னார். குழந்தை தேறிவிடும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. உலகம்மாள் கண்ணாடிக்கு வெளியே நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நர்ஸ் அதற்கு மெஷின் இருக்கிறது என்று சொன்னதற்கு, இருக்கட்டும் என்றாளாம்.

முன்பக்கங்களைப் படிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். காய்ச்சல் எப்படி எழுதியிருக்கிறாள் என்று பார்க்கத் திருப்பினேன். மார்ச் 2ஆம் தேதிப் பக்கத்தைப் படித்துவிட்டேன். அதில் ஒரு தவறு இருக்கிறது. திருத்துகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அகிலா வயிறு இழுக்கிறது என்ற அன்று சாயங்காலம் உலகம்மாள் புடவை மாற்றி, செருப்புப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையோடு வாசலில் நின்றாள். ஆட்டோ கூப்பிடுங்க என்றாள். நான் அன்று முழுவதும் மழையில் கம்பத்தில் நின்றுவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்தேன். "வாயுவாத்தான் இருக்கும், காலைல பாத்துக்கிடலாம்ளா" என்று சொன்னது நான். கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னேன். அவள் மறுபடியும் கேட்டாள். நான் சத்தம் போட்டேன். அதற்கப்புறம்தான் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவள் தான் சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். ஒரு தடவைகூட நான் வாயைத் திறக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்பது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அகிலா கோவில்பட்டியிலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னதும் அதனால்தான்.

இதை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எட்டரை மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இட்லியோடு இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நிற்பேன்.